ஆயில் கம்பியும் ஒரு தராசுதான்



அளவு நம் தொழிலுக்கு உயிர். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். மூட்டை இறங்கும்போது பக்கத்தில் நின்று எடை பார்க்கிறோம். டின்னில் 50 கிராம் குறைந்தாலும் கம்பெனிக்குப் போன் போடுகிறோம். ஆனால் கடை வாசலில் நிற்கும் வண்டி, கடைக்குள் இருக்கும் எந்தச் சரக்கையும் விட விலை கூடியது. அதன் என்ஜினுக்குள் இருக்கும் மூன்று நான்கு லிட்டர் ஆயிலை நம்மில் எத்தனை பேர் முறையாக அளந்து பார்க்கிறோம்? "டிரைவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம். டிரைவரோ "சர்வீஸில் பார்த்திருப்பார்கள்" என்று நினைக்கிறார்.

பார்ப்பவர்களிலும் பலர் தவறாகவே பார்க்கிறார்கள். தவறான தராசு, தராசே இல்லாததைவிட மோசம் என்பது நமக்குத் தெரியாததல்ல. எனவே கார், ஆம்னி, குட்டி யானை, பிக்கப் என்று எந்த வண்டி வைத்திருப்பவருக்கும் உதவும்படி, ஆயில் அளவு பார்க்கும் முறையை இங்கே எழுதுகிறோம்.

உப்பளம் சொல்லும் பாடம்

எங்கள் மரக்காணம் உப்பளங்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் எவரும் பார்த்திருப்பார்கள். அங்கே பாத்தியில் நிற்கும் நீரைக் கண்ணால் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. போமே மானி என்னும் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு 'டிகிரி' பார்ப்பார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரி காட்டும். வெயிலில் வற்றி 25 டிகிரி அளவுக்கு வரும்போது உப்பு படியத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து, உப்பு கசக்கும், ஈரம் கோக்கும். அதற்கு முன்பே மீதி நீரை வடித்துவிட வேண்டும். ஆக, குறைந்தாலும் உப்பு இல்லை, கூடினாலும் நல்ல உப்பு இல்லை. இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் தொழில்.

என்ஜின் ஆயிலும் அப்படியே. ஆயில் கம்பியின் நுனியில் இரண்டு குறிகள் இருக்கும். கீழ்க்குறி குறைந்தபட்ச அளவு. மேல்குறி அதிகபட்ச அளவு. சில வண்டிகளில் கோடு, சிலவற்றில் துளை, சிலவற்றில் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே சொரசொரப்பான பகுதி. ஆயில் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பல கார்களில் இந்த இடைவெளி ஏறத்தாழ ஒரு லிட்டர். சிறிய என்ஜின்களில் அதைவிடக் குறைவு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

எங்களுக்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மண்டி வண்டி ஒன்று, சரக்கேற்றிக்கொண்டு திண்டிவனம் போகும் வழியில் நின்றது. தூரம் சுமார் 35 கிலோமீட்டர்தான். பாதி வழி தாண்டியதும் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்திருக்கிறது. காலையில்தான் கம்பியில் அளவு சரியாக இருந்தது என்பதால், விளக்கின் ஒயரில் கோளாறு என்று நினைத்து டிரைவர் தொடர்ந்து ஓட்டியிருக்கிறார். சிறிது தூரத்தில் கடகடவென்று சத்தம் வந்து என்ஜின் நின்றுவிட்டது. பேரிங் போய்விட்டது. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பினோம். என்ஜின் பழுது பார்த்த செலவு அந்த மாத லாபத்தை முழுதாக விழுங்கியது.

"முதலாளி, தினமும் பார்த்துத்தான் வண்டியை எடுத்தேன்" என்றார் அவர். நாங்கள் நம்பவில்லை. செலவில் ஒரு பகுதியை அவர் சம்பளத்தில் பிடித்தோம். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

வண்டி பழுது நீங்கி வந்தபிறகு, பட்டறை மெக்கானிக் எங்கள் குடோனுக்கு வந்தார். வண்டி இரவில் நிற்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். மழைநீர் வடிவதற்காகச் சரிவாகப் போட்ட தளம் அது. பின்சக்கரம் தாழ்ந்திருக்கும். அங்கேயே நிறுத்திக் கம்பியை எடுத்தார். ஆயில் நடுவில் நின்றது. சாலையோரச் சமதளத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் விட்டு மறுபடி எடுத்தார். கீழ்க்குறியைத்தான் தொட்டது! அந்த வண்டியில் கம்பி இறங்கும் இடம் என்ஜினின் பின்பக்கம். சரிவில் ஆயில் பின்பக்கம் தேங்கி, உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டியிருக்கிறது. டிரைவர் சொன்னது பொய்யல்ல. எங்கள் தளம்தான் கோணல்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், பிடித்த பணத்தைக் கொடுத்து, தவறு எங்களுடையது என்றோம். "இடம்தான் சரியில்ல முதலாளி" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் வேலைக்கு வந்தார். விளக்கு எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று நாங்களும் அவருக்கு ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை. இதை எழுதக் காரணம் அதுவே.

அளவு ஏன் தவறுகிறது?

மூன்று காரணங்கள்.

ஒன்று, சரிவு. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிச் சற்றே சாய்த்தால் ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். என்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் சேம்பரும் ஒரு தாம்பாளமே. ஒரு சக்கரம் கல்லில் ஏறி நின்றாலும், ஒரு பக்கம் மட்டும் சரக்கு ஏற்றியிருந்தாலும் அளவு மாறும்.

இரண்டு, ஆயில் இறங்க நேரம் தராதது. என்ஜின் ஓடும்போது ஆயிலின் ஒரு பகுதி மேலே தலைப்பகுதியிலும் சிறு குழாய்களிலும் சுற்றிக்கொண்டிருக்கும். நிறுத்திய உடனே பார்த்தால் குறைவாகக் காட்டும். அதை நம்பி அரை லிட்டர் ஊற்றுகிறோம். மேலே இருந்ததும் இறங்கியபின் மேல்குறியைத் தாண்டிவிடுகிறது.

மூன்று, சூடு. எண்ணெய் சூட்டில் பருக்கும் என்பது மளிகைக்காரர்களுக்குப் புதிதல்ல. சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டுகளில் 60 டிகிரி வெப்பநிலையில் இத்தனை மில்லி என்று சில நிறுவனங்கள் அச்சிட்டு வந்தது நினைவிருக்கும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் ஏறத்தாழ 919 கிராம் இருக்கும். அதுவே 60 டிகிரியில் 893 கிராம்தான். அதனால்தான் 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் நிகர அளவையும் எடையையும் அச்சிட வேண்டும் என்று சொல்லி, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் தந்தது. என்ஜின் ஆயிலுக்கும் இதே இயல்புதான். 4 லிட்டர் ஆயில் 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 150 மில்லிக்கு மேல் பருத்து நிற்கும். ஆகவே ஒருநாள் குளிர்ந்த நிலையிலும் மறுநாள் கொதிக்கும் நிலையிலும் பார்த்தால் கணக்கு ஒட்டாது.

பார்க்கும் முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் போட்டுக் கைப் பிரேக்கை இழுங்கள். சரக்கு ஏற்றுவதற்கு முன் பார்ப்பது நல்லது.

2. காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே பார்க்கலாம். அல்லது ஓட்டிச் சூடேறிய வண்டியை நிறுத்தி, ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம். எந்த நிலையில் பார்க்க வேண்டும் என்று உங்கள் வண்டிக் கையேடு சொன்னால் அதுவே முடிவு. எப்போதும் ஒரே நிலையில் பாருங்கள்.

3. என்ஜின் அணைந்திருக்க வேண்டும். சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்னி, குட்டி யானை போன்றவற்றில் என்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால் இருக்கையைத் தூக்க வேண்டியிருக்கும். வேட்டி நுனி, துண்டு எதுவும் உள்ளே விழாமலும், சூடான பாகங்களில் கை படாமலும் கவனம் தேவை.

4. கம்பியை உருவி, சுத்தமான பனியன் துணியால் நுனியிலிருந்து ஒரு சாண் வரை துடையுங்கள். பஞ்சு வேஸ்ட் கூடாது. அதன் நூல் கம்பியோடு உள்ளே போகும். முதல் தடவை உருவியதும் தெரியும் அளவைப் படிக்காதீர்கள். ஓட்டத்தில் தெறித்த ஆயில் கம்பி முழுதும் ஒட்டியிருக்கும்.

5. துடைத்த கம்பியைக் கடைசிவரை அழுத்திச் செருகுங்கள். கால் அங்குலம் வெளியே நின்றாலும் அளவு குறைத்துக் காட்டும்.

6. இரண்டு மூன்று விநாடி விட்டு மெல்ல உருவுங்கள். நுனி கீழ்நோக்கியே இருக்கட்டும். நிமிர்த்திப் பிடித்தால் ஆயில் மேலே ஓடிவிடும்.

7. கம்பியின் இருபக்கமும் பாருங்கள். குழாயின் சுவரில் உரசி ஒரு பக்கம் ஏறித் தெரியலாம். இரண்டில் குறைந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் துடைத்து மறுமுறை பாருங்கள்.

சில புதிய கார்களில் இந்தக் கம்பியே இல்லை. திரையில் அளவு காட்டும். அதற்கும் சமதளம், காத்திருப்பு என்ற விதிகள் உண்டு. கையேட்டைப் பாருங்கள்.

ஊற்றும் முறை

கீழ்க்குறிக்கு அருகில் இருந்தால் ஊற்ற வேண்டும். ஆனால் மதிப்பாக ஊற்றாதீர்கள். கால் லிட்டர் ஊற்றி, சில நிமிடம் விட்டு, மறுபடி அளந்து பாருங்கள். மேல்குறிக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொள்வது நலம்.

"கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே" என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. அது தவறு. ஆயில் கூடினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதில் அடித்து மோர் கடைவது போல நுரைக்க வைக்கும். நுரைக்கு அழுத்தம் இல்லை, உராய்வைத் தாங்கும் வலுவும் இல்லை. அழுத்தம் கூடி சீல்கள் கசியும். புகையோடு ஆயில் எரியும். டீசல் என்ஜினில் அளவு மிஞ்சினால், தன் ஆயிலையே எரிபொருளாக உறிஞ்சிக் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும் ஆபத்தும் உண்டு.

குறைந்தாலோ, இருக்கும் கொஞ்ச ஆயில் ஓய்வின்றிச் சுற்றிச் சீக்கிரம் சூடேறிக் கெடும். வளைவிலும் பிரேக்கிலும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சும். அந்த ஒரு நொடி பேரிங்குக்கு உணவில்லை. எங்கள் வண்டிக்கு நேர்ந்தது இதுதான்.

ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று எழுதியிருக்கும். 'டபிள்யூ' என்பது 'வின்டர்', அதாவது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் குளிரில் ஓடும் தன்மை. பின்னுள்ளது சூட்டில் இருக்கும் கெட்டித்தன்மை. எந்த எண் என்பதைக் கையேடு சொல்லும். விலை கூடியது எல்லா வண்டிக்கும் ஏற்றதல்ல. சீல் பிரிக்காத டப்பாவை ரசீதோடு வாங்குங்கள். காலி டப்பாவை வெட்டிப் போடுங்கள். போலிச் சரக்கு நம் கடையில் வந்தால் எத்தனை கோபம் வருகிறதோ, அதே கோபம் இதிலும் வேண்டும்.

சிவப்பு விளக்கை நம்பலாமா?

பலரும் ஏமாறும் இடம் இது. முன்பலகையில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு பெரும்பாலான வண்டிகளில் ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. ஆயில் எவ்வளவோ குறைந்து, பம்புக்குக் கிடைக்காமல் போன பிறகுதான் அது எரியும். கல்லாவில் கடைசி ரூபாயும் தீர்ந்தபின் அடிக்கும் மணி போன்றது. "விளக்கு எரியவில்லை, ஆகவே ஆயில் இருக்கிறது" என்று கொள்ளக் கூடாது. அது எரிந்தால் ஓரங்கட்டி அப்போதே என்ஜினை நிறுத்த வேண்டும். "இதோ ஊர் வந்துவிட்டது" என்று ஓட்டும் இரண்டு கிலோமீட்டர்தான் பேரிங்கைத் தின்னும்.

நிறமும் மணமும்

அளவோடு ஆயிலின் தன்மையையும் பாருங்கள். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுப்பது இயல்பு. அழுக்கைத் தன்னுள் வாங்குவது அதன் வேலை. நிறத்தை மட்டும் பார்த்து மாற்ற வேண்டாம். கிலோமீட்டர் கணக்கிலோ மாதக் கணக்கிலோ, எது முந்துகிறதோ அதன்படி மாற்றுங்கள்.

பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

ஊற்றாமலே அளவு ஏறினால் மகிழாதீர்கள். ஆயில் தானாக வளராது. தண்ணீரோ எரிபொருளோ கலக்கிறது என்று பொருள். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி உள்ளவை உண்டு. அதில் சேரும் கரியை எரிக்க என்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்தும். கடைக்குக் கடை நின்று நின்று குறுகிய தூரம் ஓடும் வண்டியில் இந்த வேலை பாதியில் தடைப்பட்டு, டீசல் ஆயிலில் இறங்கும். நம் டெலிவரி வண்டிகள் பலவும் இப்படித்தான் ஓடுகின்றன. கம்பியை முகர்ந்தால் டீசல் வாடை வரும். அளவு மேல்குறியைத் தாண்டினால் ஆயிலை மாற்றத்தான் வேண்டும்.

வெள்ளம் வடிந்தபின்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. இந்தக் கரையில் கடையும் வண்டியும் வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை தோறும் இதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைச் சாவி போட்டுப் பார்க்கவே கூடாது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு முதலில் ஆயில் கம்பியை உருவுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. சேம்பரின் அடியில் போய்த் தங்கி ஆயிலை மேலே தூக்கும். என்ஜின் ஓடிக் கலக்கும்வரை நிறம் மாறாது. ஆகவே நிறம் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாமல் அளவைப் பாருங்கள். மேல்குறிக்கு மேல் ஏறியிருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. அளவு சரியாக இருந்தாலும் காற்று வடிகட்டியில் ஈரம் இருந்தால் கிளப்பக் கூடாது. கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். உப்புநீராக இருந்தால் தாமதிக்காமல் வடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் துரு உள்ளே வேலை செய்யும்.

தண்ணீர் புகுந்த என்ஜினைக் கிளப்பியதால் வரும் சேதத்துக்கு, என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி இல்லாவிட்டால் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகப் பணம் தருவதில்லை. பாலிசி புதுப்பிக்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு சிறு பேரேடு

வண்டிக்குள் ஒரு சிறு நோட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், கம்பியில் அளவு, ஊற்றியது எவ்வளவு என்று நான்கு கட்டம் போதும். வாரம் ஒருமுறையும், நெடுந்தூரப் பயணத்துக்கு முன்பும் எழுதுங்கள். 2,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் கேட்ட வண்டி இப்போது 1,000 கிலோமீட்டருக்கே அரை லிட்டர் கேட்டால், நோய் தொடங்கிவிட்டது என்று நோட்டே சொல்லிவிடும். கசிகிறதா எரிகிறதா என்பதைப் பட்டறையில் பாருங்கள். உப்புக் காற்று வீசும் ஊர்களில் ஆயில் சேம்பரின் அடித்தகடும் வடிக்கும் திருகும் துருப்பிடிக்கும். இரவு நிற்கும் இடத்தில் தரையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று காலையில் ஒரு பார்வை பாருங்கள். வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். அதை எடுத்துச் செல்ல அனுமதி பெற்றவர்களிடம் சேர்க்கும்படி பட்டறையில் சொல்லுங்கள்.

எங்கள் குடோனில் இப்போது சமமான இடத்தில் நான்கு சக்கரத்துக்கும் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறோம். எந்த டிரைவர் வந்தாலும் அந்தக் கோட்டில் நிறுத்தித்தான் ஆயில் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஆணியில் பனியன் துணி தொங்கும். இதற்குச் செலவு ஒரு டப்பா சுண்ணாம்புதான்.

மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு வண்டி கட்டிப் புறப்படும் நம் உறுப்பினர்களும், அன்றாடம் சரக்கெடுக்கப் போகும் சிறு வணிகர்களும் இந்த வாரமே ஒரு முறை கம்பியை உருவிப் பாருங்கள். டிரைவர் வைத்திருப்பவர்கள் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். குறை தெரிந்தால், அவரைக் கேட்பதற்கு முன் வண்டி நிற்கும் தரையைப் பாருங்கள்.